கப்பல்களை வென்ற பில்லி மிட்செல்!

ஆகாய விமானத்தால் பெரிய போர்க்கப்பலை மூழ்கடிக்க முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர் பில்லி மிட்செல். ஆனால் அவருக்குக் கிடைத்தது தண்டனை!

மிட்செல் 1879-ல் பிறந்த அமெரிக்கர். 18 வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரில் பிரான்சில் விமானப் படையை நடத்தினார்.

1921 ஜூலை 21. வர்ஜீனியா கடலில் பழைய ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று நின்றது. மிட்செலின் விமானங்கள் 2,000 ராத்தல் குண்டுகளை வீசின. அரை மணி நேரத்துக்குள் கப்பல் மூழ்கியது.

கடற்படையினர் ஒப்பவில்லை. நின்ற கப்பல்தானே, ஓடும் கப்பல் தப்பிவிடும் என்றார்கள். மிட்செல் விடவில்லை. 1925-ல் மேலதிகாரிகளைப் பகிரங்கமாகச் சாடினார். ராணுவ நீதிமன்றம் அவரை 5 ஆண்டு பதவியிலிருந்து விலக்கி வைத்தது. அவர் ராஜினாமா செய்தார். 1936-ல் காலமானார்.

பிறகு நடந்தது என்ன?

1941 டிசம்பர் 10-ல் மலேயாவின் குவாந்தான் அருகே, ஓடிக்கொண்டிருந்த 2 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன.

1943 நவம்பர் 26-ல் மத்தியதரைக் கடலில், ஜெர்மன் கனரக விமானம் ரேடியோவால் திருப்பப்படும் குண்டை ஏவியது. கப்பல் விலகினாலும் குண்டைத் திருப்பலாம். ‘ரோனா’ கப்பல் மூழ்கியது. 1,100 பேருக்கு மேல் மாண்டனர்.

அந்த ‘ரோனா’ நமக்குப் புதிதல்ல. சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் வழியில் ஓடிய கப்பல். சேலம் ஜில்லாவிலிருந்து மலேயாத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் கடல்வழி அது!

1946-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் மிட்செலுக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. அதைப் பெற அவர் உயிரோடு இல்லை.