ஓடுற வண்டிக்குள்ள குளிரைக் கொண்டுவந்தவர்

பழைய வேன் ஒண்ணை வாங்கி, கேம்பர் வேனா மாத்தி, செமஸ்டர் லீவுல ஊர் சுத்தணும்ங்கிற ஆசை நம்ம பசங்க நிறைய பேருக்கு இருக்கு. படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் ஒரே நாள்ல முடிவாயிடும். ஃப்ரிட்ஜ்னு வரும்போதுதான் சண்டை. எத்தனை லிட்டர், என்ன விலை, எந்த கலர்னு ஆரம்பிச்சு, கேட்க வேண்டிய கேள்வியை மட்டும் கேட்காம விட்டுடுவோம். அந்தக் கேள்வியை 1938-லேயே கேட்ட ஒரு மனிதரைப் பற்றி இந்த இதழில் சொல்கிறேன். பணத்தை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

அவர் பெயர் ஃப்ரெட்ரிக் மெக்கின்லி ஜோன்ஸ். 1893-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பகுதியில் பிறந்த கறுப்பினத்தவர். சின்ன வயசுலேயே தாய் இல்லை. அப்பாவால் வளர்க்க முடியாமல் ஏழு வயசுல ஒரு பாதிரியாரிடம் கொண்டுபோய் விட்டார். கொஞ்ச காலத்தில் அப்பாவும் இறந்துபோனார். பதினோரு வயசுல அங்கிருந்து கிளம்பின பையன், ஒரு கார் கேரேஜில் தரை கூட்டுற வேலைக்குச் சேர்ந்தான். நம்ம அறந்தாங்கி, ஆலங்குடி பக்கம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையன்களைப் பார்த்திருப்பீங்கல்ல, அதே மாதிரிதான். பார்த்துப் பார்த்தே இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு, பதினைந்து வயசு வாக்கில் அதே கேரேஜில் மெக்கானிக் ஆகிவிட்டார். பள்ளிப் படிப்பு ஆறாம் வகுப்போடு சரி.

1912-ல் வடக்கே மினசோட்டா மாநிலத்தின் ஹாலக் என்ற சின்ன ஊருக்குப் போனார். பெரிய பண்ணை ஒன்றில் இயந்திரங்களைப் பராமரிக்கிற வேலை. முதல் உலகப் போரில் ராணுவத்தில் எலக்ட்ரீஷியனாக பிரான்ஸ் வரை போய்த் திரும்பினார். அதே ஹாலக்கில் ரேடியோ நிலையத்துக்கு டிரான்ஸ்மிட்டர் செய்தார். ஊமைப்படம் பேசும்படமாக மாறின காலத்தில், படத்தோடு ஒலியைச் சேர்க்கிற கருவியைத் தானே செய்து பார்த்தார். புத்தகத்தை வாங்கிப் படித்து, கையில் கிடைத்த சாமானில் செய்து பார்த்து, கெட்டுப்போனதைக் கழற்றித் திரும்ப மாட்டுறது, இதுதான் அவருடைய கல்லூரி. ஒலிக் கருவி பற்றிக் கேள்விப்பட்டு மினியாபோலிஸில் சினிமா சாதனங்கள் விற்றுவந்த ஜோசப் நுமெரோ அவரை வேலைக்கு எடுத்தார். நம்ம கதைக்குத் தேவையானவர் அந்த நுமெரோ.

அந்தக் காலத்தில் கோழி, இறைச்சி, பழம் எல்லாம் ஐஸும் உப்பும் போட்டுத்தான் லாரியில் போகும். ஐஸ் உருகினா சரக்கு போச்சு. (ஐஸ் வியாபாரம் நமக்கும் புதுசு இல்லை. 1840-களில் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டின சென்னை ஐஸ் ஹவுஸைத்தான் இப்போ விவேகானந்தர் இல்லம்னு பார்க்கிறோம்.) 1938-ல் நுமெரோவுக்குத் தெரிந்த லாரி முதலாளி ஒருவருக்கு ஒரு லோடு கோழி முழுக்க வெயிலில் கெட்டுப்போனது. லாரிக்கு ஒரு குளிர்சாதனம் செய்ய முடியாதான்னு பேச்சு வந்தது. மற்றவர்களுக்கு அது கோல்ஃப் மைதானத்துப் பேச்சு. ஜோன்ஸுக்கு வேலை.

வீட்டுல குளிரூட்டும் இயந்திரம் அப்பவே இருந்ததே, அதைத் தூக்கி லாரியில் வெச்சா ஆகாதான்னு நீங்க கேட்கலாம். ஆகாது. வீட்டு இயந்திரம் அசையாத தரையில் நிற்கிறது. லாரி குலுங்கும். குழாய் இணைப்பு ஒரு இடத்தில் விரிசல் விட்டாலும் உள்ளே இருக்கிற குளிர்பதன வாயு கசிந்துவிடும். அதுக்கப்புறம் கம்ப்ரஸர் சும்மா சத்தம்தான் போடும். ஜோன்ஸ் கேட்ட கேள்வி அதனால்தான் எவ்வளவு குளிரும் என்பது இல்லை. இது எத்தனை மைல் குலுங்கித் தாங்கும் என்பது. முதலில் செய்த யூனிட் ஏறக்குறைய ஒரு டன் எடை. அதை லாரியின் அடியில் மாட்டினார். ரோட்டுச் சேறும் கல்லும் அடித்து அது கெட்டுப்போச்சு. மனுஷன் சோர்ந்து உட்காரலை. எடையைக் குறைச்சு, பெட்டியின் முன்பக்கம் மேலே, ஓட்டுநர் கேபினுக்கு மேலாக ஏற்றினார். அங்கே சேறு வராது, வண்டி ஓடும்போது காற்று நல்லா கிடைக்கும். சூட்டை வெளியே தள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. இன்றைக்கும் குளிர்பதன லாரிகளில் மூக்கு மாதிரி முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற பெட்டியின் மூலம் அதுதான். நுமெரோவும் அவரும் வளர்த்த கம்பெனிதான் பின்னாளில் தெர்மோ கிங் ஆனது.

இப்ப உங்க வேனுக்கு வாங்க. சந்தையில் மூணு வகை இருக்கு. விலை குறைவா, எடை லேசா கிடைக்கிறது பெல்டியர் பெட்டி. மின்சாரம் ஓடும்போது ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர். அசையும் பாகம் விசிறி மட்டும்தான். குலுக்கலுக்கு அது நல்லது. ஆனா வெளி வெப்பத்தைவிடச் சுமார் இருபது டிகிரிதான் கீழே இறங்கும். மே மாதத்தில் 40 டிகிரி வெயிலில் உள்ளே 20. அதில் பால் எத்தனை நாள் நிற்கும்னு நீங்களே சொல்லுங்க. என் கணக்கில் புதுக்கோட்டை வெயிலுக்கு அது ஃப்ரிட்ஜே இல்லை. இன்னொண்ணு கேஸில் ஓடும் அப்சார்ப்ஷன் வகை. சத்தமே இருக்காது. ஆனா கிட்டத்தட்ட மட்டமா நிறுத்தணும், மூடின வேனுக்குள்ளே நெருப்பும் புகையும் வேற. அதனால் 12 வோல்ட் கம்ப்ரஸர் வகைதான் மிச்சம். விலை ஜாஸ்திதான்.

அதிலும் கணக்குப் போட்டுத்தான் வாங்கணும். 45 வாட் கம்ப்ரஸர், நம்ம வெயிலில் பாதி நேரம் ஓடுதுன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளுக்கு 540 வாட்-ஹவர். 12-ஆல் வகுத்தா 45 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணக்கூடாது; ஆக ஒரு நாள்தான் தாங்கும். அதே அளவு லித்தியம் பேட்டரியில் 80 எடுத்தாலும் ரெண்டு நாள் முழுசா வராது. வண்டியை ஸ்டார்ட் பண்ற பேட்டரியில் மாட்டினீங்கன்னா மறுநாள் காலை தள்ளிக்கிட்டுத்தான் போகணும். 60 வாட் பெல்டியர் நிறுத்தாம ஓடினா நாளுக்கு 120 ஆம்பியர்-ஹவர் குடிக்கும். மலிவுன்னு வாங்கின பெட்டி பேட்டரி செலவில் விலையை வட்டியோட வசூலிச்சிடும்.

ஜோன்ஸ் முதலில் தடுமாறின இடத்தையும் மறக்காதீங்க. கட்டிலுக்கு அடியில் திணித்து வெச்சா சூடு வெளியே போக வழி இருக்காது. கம்ப்ரஸர் ஓய்வே எடுக்காது. காற்று வர ஒரு ஜாலி, சூடு போக ஒரு ஜாலி விடுங்க. பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்க. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினத்தில் மீன் வாங்கி வைக்கிறதா இருந்தா ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி தனியா இருக்கட்டும். சூடான மீனையெல்லாம் சின்ன ஃப்ரிட்ஜில் போட்டு அதைத் திணறடிக்க வேண்டாம்.

இரண்டாம் உலகப் போரில் ஜோன்ஸின் யூனிட்கள் வேற வேலைக்குப் போயின. போர்க்களத்து மருத்துவமனைகளில் ரத்தமும் மருந்தும் கெடாமல் காக்க அவை உதவின. 1944-ல் அமெரிக்கக் குளிர்பதனப் பொறியாளர் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அதில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். கையில் டிகிரி கிடையாது. மொத்தம் 61 காப்புரிமைகள், அதில் சுமார் நாற்பது குளிர்பதனத்தில். 1961-ல் மினியாபோலிஸில் இறந்தார். தேசிய தொழில்நுட்பப் பதக்கம் 1991-ல்தான் வந்தது, முப்பது வருஷம் கழிச்சு. வாங்கிக்க அவர் இல்லை.

மருந்துன்னு சொன்னதால் ஒரு விஷயம். உங்க வேனில் தாத்தாவோ பாட்டியோ வந்தா, அவங்க பிரிக்காத இன்சுலினும் அந்த ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். அதுக்கு 2-லிருந்து 8 டிகிரி வேணும். உறைஞ்சு போனா, உருக்கி எடுத்தாலும் பயன்படுத்தக் கூடாது. ஃப்ரீசர் செட்டிங்கில் கை பட்டுட்டாலோ, குளிர்த் தட்டோடு ஒட்டி வெச்சாலோ அதுதான் நடக்கும். அதனால் கிளம்புறதுக்கு முந்தின நாள் ஃப்ரிட்ஜை வேனில் மாட்டி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் போட்டு, வெயிலில் நிறுத்தி 24 மணி நேரம் ஓட விடுங்க. மதியம் ரெண்டு மணிக்கு ஒருமுறை, விடியற்காலை ஒருமுறை எண்ணைக் குறிச்சுக்குங்க. கொஞ்சம் மேடு பள்ளமான ரோட்டில் ஒரு ரவுண்டு அடிச்சுட்டு வந்து திரும்பவும் பாருங்க. எண் அசையலைன்னா மருந்தை ஏத்துங்க.