பார்வையற்றவர் பார்த்த கணக்கு

அண்ணாமலை நகரில் பொது நிதியியல் பாடம் நடத்திய காலத்தில், நாடாளுமன்றத்தின் நிதிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போதெல்லாம் நான் ஹென்றி ஃபாசெட்டின் கதையைச் சொல்வதுண்டு. பிரிட்டிஷ் அரசியல் வரலாற்றில் சில வரிகளே பெறும் அந்த மனிதருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

1833-இல் சாலிஸ்பரியில் பிறந்தவர் ஃபாசெட். 25-ஆவது வயதில், வேட்டையின்போது தந்தையின் துப்பாக்கியிலிருந்து சிதறிய ரவைகள் அவரது இரு கண்களின் பார்வையையும் பறித்தன. அவர் ஒடுங்கிவிடவில்லை. 1863-இல் கேம்பிரிட்ஜில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியரானார். 1865-இல் பிரைட்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார்.

இந்திய மண்ணை மிதிக்காத அவர், இந்தியக் கணக்கைப் பிறரை வாசிக்கச் சொல்லிக் கேட்டு, எண்களை நினைவில் இருத்திக்கொண்டார். 1867-இல் துருக்கி சுல்தானுக்கு லண்டனில் அளிக்கப்பட்ட நடன விருந்தின் செலவு இந்தியக் கருவூலத்தின் தலையில் கட்டப்பட்டது. விருந்து யாருடையது, பணம் யாருடையது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. அவரது வற்புறுத்தலால் 1871-இல் இந்திய நிதி குறித்த நாடாளுமன்றக் குழு அமைந்தது. அக்குழுவின் முன்புதான் தாதாபாய் நௌரோஜி சாட்சியமளித்தார்.

1874-இல் பிரைட்டனில் தோற்றபோது, அவரது அடுத்த தேர்தல் செலவுக்கு இந்தியர்கள் நிதி திரட்டினர். அவ்வாண்டே ஹாக்னியில் வென்றார். தமிழகம் தாது வருடப் பஞ்சத்திலிருந்து மீளாத 1878-இல், ஆப்கன் போர்ச் செலவை இந்தியாமீது சுமத்துவதை எதிர்த்தார், வாக்கெடுப்பில் தோற்றார்.

1880-இல் தலைமை அஞ்சல் அதிகாரிக்கான அமைச்சர் பொறுப்பேற்று, 1883-இல் பிரிட்டனில் பார்சல் அஞ்சல் சேவையைத் தொடங்கினார். 1884-இல், 51-ஆவது வயதில் மறைந்தார். மறு ஆண்டு இந்திய தேசிய காங்கிரஸ் பிறந்தது.

அவர் நம் விடுதலையைக் கோரியவர் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சி நேர்மையாக நடக்க வேண்டும் என்பதே அவர் நிலைப்பாடு. அந்த எல்லையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வாக்குரிமையற்ற மக்களின் வரிப்பணத்துக்காக, தமக்கு ஆதாயமில்லாத அவையில் அவர் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்.

இன்று வாக்குரிமை நம்மிடம் இருக்கிறது. ஆயினும், நம் நாடாளுமன்றத்தில் பல துறைகளின் மானியக் கோரிக்கைகள் விவாதமின்றியே நிறைவேறுகின்றன. கணக்கைப் படிக்கக் கண் மட்டும் போதாது. அது யாருடைய பணம் என்ற உணர்வும் வேண்டும்.