பெருமூலக்கூறின் தந்தை ஹெர்மன் ஸ்டௌடிங்கர்

மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளில் நாம் வாங்கும் பிளாஸ்டிக் வாளி, சீப்பு, நைலான் கயிறு யாவும் பலபடிகள் எனப்படும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனவை. இன்று பாடப்புத்தகத்தில் சாதாரணமாகப் படிக்கும் இவ்வுண்மையை ஒரு காலத்தில் அறிஞர் உலகமே ஏற்க மறுத்தது. ஏளனத்தைப் பொறுத்து இதனை நிலைநாட்டிய ஹெர்மன் ஸ்டௌடிங்கரின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

ஸ்டௌடிங்கர் 1881-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் ஜெர்மனியிலுள்ள வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். இளமையில் தாவரவியலையே விரும்பினார். செடிகொடிகளை நன்கறிய வேண்டுமானால் முதலில் வேதியியல் கற்க வேண்டும் என்று தந்தை அறிவுறுத்தினார். அச்சொல்லை ஏற்றவர் வேதியியலிலேயே நிலைத்துவிட்டார். 1912-இல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பேராசிரியரானார். முதல் உலகப் போரின்போது நச்சுவாயுப் பயன்பாட்டைத் துணிந்து கண்டித்தார்.

ரப்பர் போன்ற பொருள்கள் சிறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட திரள்களே என்பது அக்காலத்து நம்பிக்கை. அவை ஆயிரக்கணக்கான அணுக்கள் உறுதியாகப் பிணைந்த நீண்ட சங்கிலிகள் என்று 1920-இல் ஸ்டௌடிங்கர் எழுதினார். அறிஞர் பலர் நகைத்தனர். அந்த எண்ணத்தைக் கைவிடுமாறு நண்பரே வேண்டினார். அவரோ அசையவில்லை.

தம் கருத்தை மெய்ப்பிக்க அவர் கையாண்ட வழிகளுள் ஒன்று மிக எளியது. நீரில் உப்பைக் கரைத்தால் அது நீராகவே ஓடுகிறது. அதே அளவு அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கஞ்சியாகத் தடித்துவிடுகிறது. மாவிலுள்ள நீண்ட மூலக்கூறுகளே இதற்குக் காரணம். ஸ்டௌடிங்கர் பலபடிகளைக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் இரு கோடுகளுக்கிடையே கரைசல் வழிய எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார். சங்கிலி நீள நீள, வழியும் நேரமும் கூடியது. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறின் நீளத்தைக் கடிகாரம் காட்டிக்கொடுத்தது! சங்கிலிகள் விறைத்த குச்சிகள் போன்றவை என அவர் கருதியதையும், அவர் தந்த சூத்திரத்தையும் பின்வந்தோர் திருத்தினர். ஆயினும் அடிப்படை நிலைத்தது.

1926-இல் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகம் சென்றார். தாவரவியல் அறிஞரான அவருடைய மனைவி மாக்டா அம்மையார் ஆய்விலும் எழுத்திலும் அவருக்குத் துணை நின்றார். நாஜிகள் ஆட்சியில் அவரைப் பதவியிலிருந்து நீக்க முயற்சி நடந்தது. 1944-இல் குண்டுவீச்சில் அவருடைய ஆய்வுக்கூடம் அழிந்தது. இத்தனைக்கும் பிறகு, 1953-இல், தம் 72-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார். 1965 செப்டம்பர் 8-இல் மறைந்தார்.

அவர் காட்டிய வழி இன்றும் தொடர்கிறது. இரு வகைப் பலபடிகளை உருக்கிக் கலந்தால் பெரும்பாலும் எண்ணெயும் நீரும் போலப் பிரிந்துவிடுகின்றன. அவ்வாறு பிரிந்த கலவையில் செய்த பொருள் எளிதில் முறியக்கூடும். எனவே எந்த வெப்பநிலையில் பிரிவு தொடங்குகிறது என்று அறிவது அவசியம். அதற்காக உருகிய கலவையை மிக மெதுவாக அசைத்து, அதன் ஓட்டத்தை அளக்கின்றனர். பிரிந்த நுண்துளிகள் இழுபட்டு, மீண்டும் உருண்டையாக முயல்வதால் கலவையின் மீள்தன்மை உயர்கிறது. அந்த உயர்வே பிரிவை அறிவிக்கிறது. நம் அடையாற்றுக்கு அருகே கிண்டியில் 1968-இல் தோன்றிய சிப்பெட் நிறுவனம் பிளாஸ்டிக் தொழிலுக்கு ஆள்களைப் பயிற்றுவிக்கிறது. உருகிய பிளாஸ்டிக் 10 நிமிடத்தில் எத்தனை கிராம் வழிகிறது என்று அளப்பது அத்தொழிலில் அன்றாடச் சோதனை.

அன்புத் தோழியரே, பலர் மறுப்பதால் உண்மை பொய்யாகிவிடாது. சினத்தால் அன்றி, மீண்டும் மீண்டும் அளந்து காட்டியே ஸ்டௌடிங்கர் வென்றார். ஆய்வகத்தில் கடிகாரத்தைக் கையிலேந்தி நிற்கும்போது அவருடைய பொறுமையை நாமும் கைக்கொள்வோமாக!