மன்னருக்குப் பணியாத பேராயர் புனித அன்செல்ம்

புனித அன்செல்ம் என்றதும் விசுவாசத்தை அறிவோடு இணைத்து ஆராய்ந்த இறையியல் மேதையே நம்மிற் பலருக்கு நினைவில் வருவார். திருச்சபையின் சுதந்திரத்துக்காக இரு மன்னர்களை எதிர்த்து நின்று, இருமுறை நாடு கடந்து வாழ்ந்தவரும் அவரே.

இன்றைய இத்தாலியின் அயொஸ்தா நகரில் 1033ஆம் ஆண்டளவில் பிறந்த அவர், 1060இல் நோர்மண்டியிலுள்ள பெக் மடத்திற் சேர்ந்து, புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் துறவியானார். 1078இல் மடாதிபதியாகத் தெரிவு செய்யப்பட்டார். செபமும் படிப்பும் போதித்தலுமே அவருக்கு விருப்பமானவை.

அக்காலத்தில் இங்கிலாந்தை ஆண்டவர் மன்னர் இரண்டாம் வில்லியம். கன்ரபரிப் பேராயர் 1089இல் இறந்தபின், அடுத்தவரை நியமிக்காமல் அந்த ஆசனத்தின் வருமானத்தை மன்னரே அனுபவித்து வந்தார். 1093இல் கடும் நோயுற்று மரணத்துக்கு அஞ்சியபோதுதான் அன்செல்மை நியமித்தார். அன்செல்ம் மறுத்தார். ஆயர்கள் அவரை மன்னரின் படுக்கையருகே இழுத்துச் சென்று, அவரது மூடிய கையின்மேல் ஆயர்கோலை அழுத்திப் பிடித்தனர்.

நோய் நீங்கியது, மன்னரின் மனமாற்றமும் நீங்கியது. பேராயரிடம் பணம் எதிர்பார்த்தார். அன்செல்ம் கொடுக்க முன்வந்த 500 பவுண் போதாதென்று மன்னர் தள்ளவே, அதை அவர் ஏழைகளுக்கு வழங்கினார். பாப்பரசர் இரண்டாம் உர்பானுக்குக் கீழ்ப்படிவதையும் மன்னர் தடுத்தார். 1095இல் றொக்கிங்காமிற் கூடிய சபையில் ஆயர்களே பேராயரைக் கைவிட்டனர். பிரபுக்களோ கைவிட மறுத்தனர். போர்வீரர் ஒருவர் முன்வந்து முழந்தாளிட்டு, யோபுவின் பொறுமையை நினைவூட்டி அவரைத் தேற்றினார். மேய்ப்பர்கள் தளர்ந்த வேளையிற் பொதுநிலையினர் தளரவில்லை.

1097இல் அன்செல்ம் நாட்டை விட்டு வெளியேறினார். மறு ஆண்டு, இறைமகன் ஏன் மனிதரானார் என்பதை ஆராயும் தமது பெருநூலை அந்நிய மண்ணிலேயே எழுதி முடித்தார். அதே ஆண்டு பாரி நகரிற் கூடிய சங்கத்தில், பாப்பரசர் மன்னரைத் திருச்சபையிலிருந்து விலக்க முற்பட்டபோது, முழந்தாளிட்டு அதைத் தடுத்தவரும் அவரே.

1100இல் வில்லியம் வேட்டையின்போது அம்பு பட்டு இறந்தார். அவருடைய தம்பி முதலாம் ஹென்றி அன்செல்மைத் திருப்பி அழைத்தார். ஆனால் ஆயர்களுக்கு மோதிரமும் கோலும் வழங்கும் உரிமை தமக்கே உண்டென்றார். மோதிரம் ஆயர் தம் திருச்சபையோடு கொண்ட பிணைப்பின் அடையாளம். கோல் மேய்ப்புப் பணியின் அடையாளம். அவற்றை அரசன் கையாற் பெறுபவர் அரசனின் ஊழியராகவே கருதப்படுவார். 1099இல் உரோமைச் சங்கம் இவ்வழக்கத்தைத் தடை செய்தபோது அன்செல்மும் அங்கிருந்தார். ஆகவே அவர் இணங்கவில்லை. 1103இல், எழுபது வயதளவில், மீண்டும் நாட்டை விட்டுப் போனார். ஆசனத்தின் வருமானம் பறிக்கப்பட்டது.

1106இல் திரும்பினார். 1107இல் இலண்டனில் இணக்கம் ஏற்பட்டது. மோதிரமும் கோலும் வழங்கும் வழக்கத்தை மன்னர் கைவிட்டார். நிலங்களுக்காக ஆயர்கள் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யலாம் என்பதற்குத் திருச்சபை இணங்கியது. ஆயர் தெரிவில் அரசரின் செல்வாக்கு முற்றாக மறையவில்லை. ஆயினும் ஆன்மீக அதிகாரம் அரசனின் கொடையன்று என்பது நிலைநாட்டப்பட்டது.

1109ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆந் திகதி, பெரிய வாரத்துப் புதன்கிழமை, அவர் இறைவனடி சேர்ந்தார். 1720இல் பாப்பரசர் பதினோராம் கிளமெந்து அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவித்தார்.

வாளும் படையும் இல்லாத முதியவர், வெறுப்பும் இல்லாமலே இரு மன்னர்முன் உறுதியாய் நின்றார். சாந்தம் கோழைத்தனமன்று என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அவர் வாழ்வு போதும்.