அட்டர்பெர்க்: லேப் ரெக்கார்டுக்குள் ஒரு மனிதர்

சிவில் படிக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் புதுசு இல்லை. மண் லேபில் 'அட்டர்பெர்க் லிமிட்ஸ்' சோதனை செய்யாமல் யாரும் தப்பிக்க முடியாது. களிமண்ணைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, பித்தளைக் கிண்ணத்தில் வைத்து, நடுவில் கோடு கீறி, கைப்பிடியைச் சுற்றி 25 தட்டு எண்ணியிருப்பீர்கள். கண்ணாடித் தகட்டில் மண்ணை 3 மில்லிமீட்டர் நூலாக உருட்டியிருப்பீர்கள். ரெக்கார்டில் கையெழுத்து விழுந்ததும் வேலை முடிஞ்சுது. அட்டர்பெர்க் என்பது ஒரு மனுஷனோட பேர், அவருக்கும் ஒரு ஊர், ஒரு உத்தியோகம் இருந்தது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்?

மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களே, நீங்களும் கொஞ்சம் இருங்க. நாளைக்கு நீங்கள் வேலைக்குப் போகிற சிப்காட் கம்பெனியின் தரை விரிசல் விடுமா, தாங்குமா என்ற கேள்வியும் கடைசியில் இவரிடம்தான் வந்து நிற்கும்.

ஆல்பர்ட் மௌரிட்ஸ் அட்டர்பெர்க் 1846 மார்ச் 19 அன்று ஸ்வீடன் நாட்டின் ஹெர்னோசாண்ட் என்ற கடலோர ஊரில் பிறந்தார். உப்சாலா பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து 1872-இல் டாக்டர் பட்டம் பெற்றார். சில வருஷம் அங்கேயே பாடம் நடத்தினார். 1877-இல் கால்மார் என்ற ஊரில் இருந்த வேதியியல் மற்றும் விதை ஆய்வு நிலையத்துக்குத் தலைவராகப் போனார். நம்ம ஊர் மண் பரிசோதனை நிலையத்தையும் விதைச் சான்று அலுவலகத்தையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படி இருக்கும், கிட்டத்தட்ட அப்படி ஒரு இடம். விவசாயிகளுக்கான வேலை. பாலம், ரோடு, அஸ்திவாரம் எதுக்கும் அதில் சம்பந்தமே கிடையாது.

1890-களில் அவர் கவனமெல்லாம் ஓட்ஸ் முதலிய தானிய ரகங்களை வகைப்படுத்துவதில் இருந்தது. களிமண் பக்கம் முழுசாகத் திரும்பியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. இருபது வயதில் 'லேட் ஆயிடுச்சு' என்று புலம்புகிற நாம் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

அவருக்கு இருந்த சிக்கல் எளிமையானது. எல்லாரும் களிமண் என்கிறார்கள். ஆனால் எது களிமண்? முதலில் அளவை வைத்துப் பிரித்துப் பார்த்தார். 2 மைக்ரானுக்கும் சிறிய துகள்களைக் களி என்று வகுத்தார். இன்றைக்கும் நம் புத்தகங்களில் களிமண்ணுக்கு அந்த 2 மைக்ரான் கோடுதான் இருக்கிறது.

அளவு மட்டும் போதவில்லை. தாதுக்களை மாவாக அரைத்துப் பார்த்தார். குவார்ட்ஸை எவ்வளவு பொடியாக்கினாலும் தண்ணீர் சேர்த்தால் பிடித்து உருட்ட வரவில்லை. தகடு தகடாக இருக்கும் மைக்காவை அதே மாதிரி அரைத்தால் பிசையவும் உருட்டவும் வந்தது. ஆக, துகள் சிறியதாக இருந்தால் மட்டும் பத்தாது, அது தண்ணீரோடு எப்படிப் பழகுகிறது என்பதுதான் முக்கியம் என்று பிடித்துவிட்டார்.

இனி தண்ணீரை வைத்தே மண்ணை அளப்பது என்று முடிவு செய்தார். ஒரே களிமண் தண்ணீர் அதிகமானால் கூழ் மாதிரி ஓடும். குறைந்தால் சப்பாத்தி மாவு மாதிரி பிசைய வரும். இன்னும் குறைந்தால் உதிரும். அதற்கும் கீழே காய்ந்து இறுகிவிடும். இந்த மாற்றங்கள் எந்த ஈரத்தில் நடக்கின்றன என்று பார்த்து ஏழு எல்லைகளை வகுத்து, 1911-இல் வெளியிட்டார். நாம் இன்று பயன்படுத்துவது அதில் மூன்று: லிக்விட் லிமிட், பிளாஸ்டிக் லிமிட், ஷ்ரிங்கேஜ் லிமிட். முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ். விலை உயர்ந்த கருவி எதுவும் அவரிடம் இல்லை. கிண்ணத்தில் மண்ணைப் போட்டுக் கையாலேயே தட்டினார், விரலாலேயே உருட்டினார்.

1916 மார்ச்சில் ஸ்வீடனின் கோதன்பர்க் துறைமுகத்தில் ஒரு கப்பல்துறை அடியில் இருந்த மென்களிமண்ணோடு சரிந்து விழுந்தது. அடுத்த மாதம், ஏப்ரல் 4 அன்று, அட்டர்பெர்க் கால்மாரில் காலமானார். களிமண்ணை அளக்கும் முறை கையில் இருந்தும், உலகத்துக் கட்டுமானக்காரர்களில் அதைத் தெரிந்து வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அவர் பெயரைக் காப்பாற்றியவர்கள் இரண்டு பேர். மண் இயக்கவியலின் தந்தை என்று நாம் படிக்கிற கார்ல் டெர்சாகி, இந்த எல்லைகள் பொறியாளர்களுக்கு எவ்வளவு உதவும் என்பதைக் கண்டுகொண்டார். அவரோடு வேலை செய்த ஆர்தர் காசகிராண்டே, ஆளுக்கு ஆள் கை தட்டும் வேகம் மாறுவதைத் தவிர்க்க ஒரு கருவியைச் செய்து, 1932-இல் முறையை ஒழுங்குபடுத்தினார். கிண்ணம் 1 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் அந்தக் கருவிதான் நம்ம லேபில் இருப்பது. இந்தியத் தரமான ஐ.எஸ். 2720, பகுதி 5-ம் இந்த வழியில் வந்ததுதான். நூல் உருட்டும் சோதனையோ இன்னமும் பெரும்பாலும் விரலாலேயே நடக்கிறது.

சரி, விதை ஆய்வு நிலையத்து மனிதருக்கும் மூக்கண்டப்பள்ளிக்கும் என்ன சம்பந்தம்?

ஓசூர் மேட்டில் பெரும்பாலும் செம்மண். கரிசல் மாதிரி ஊதிச் சுருங்காது. ஆனால் ஏரிப் படுகை, தாழ்வான இடம் என்று வந்தால் கதை வேறு. மழைத்தண்ணீர் அடித்து வந்த நுண்மண் அங்கேதான் சேரும். ஷெட்டும் லேஅவுட்டும் நெருங்கி வரும் ஊரில் அந்த மாதிரி மண்ணிலும் கட்ட வேண்டியிருக்கிறது. உடனே சைட்டில் வரும் யோசனை: சுண்ணாம்பைக் கொட்டு, இல்லாவிட்டால் சிமெண்டைக் கொட்டு. எதை, எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. அந்தப் பதில் அட்டர்பெர்க்கின் எண்களில் இருக்கிறது.

ஒரு கணக்குக்கு, உங்கள் மண்ணின் லிக்விட் லிமிட் 62, பிளாஸ்டிக் லிமிட் 24 என்று வைத்துக்கொள்ளுங்கள். இண்டெக்ஸ் 38. இது தண்ணீரை வாங்கிக்கொண்டு நெடுநேரம் வழவழவென்று இருக்கும் மண். இதில் சுண்ணாம்பு சேர்த்தால் அதிலுள்ள கால்சியம் களித் தகடுகளின் மேல் போய் ஒட்டும். தகடுகள் கொத்துக் கொத்தாகச் சேரும். பிளாஸ்டிக் லிமிட் ஏறும், இண்டெக்ஸ் இறங்கும். பிசுபிசுப்பாக இருந்த மண் கையில் உதிர ஆரம்பிக்கும். இது சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். அதன்பின் மெதுவாக இரண்டாவது வேலை நடக்கும். சுண்ணாம்பு மண்ணின் பி.எச். அளவை 12.4 வரை ஏற்றும்போது களியிலிருக்கும் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து, சிமெண்டில் உருவாவது போன்ற பிணைப்பு உண்டாகும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பலம் கூடும்.

பொதுவாக இண்டெக்ஸ் 10-க்கு மேல் இருந்தால்தான் சுண்ணாம்புக்கு வேலை. அளவு பெரும்பாலும் மண்ணின் எடையில் 3 முதல் 8 சதவீதம். சரியான எண்ணை அந்தந்த மண்ணில் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். களி குறைவான மணற்பாங்கான செம்மண்ணுக்குச் சிமெண்ட் பொருந்தும். மேட்டூர் மாதிரி அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்ப்பதானால் அதற்குத் துணையாகச் சுண்ணாம்போ சிமெண்டோ பெரும்பாலும் வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஏரிச் சேற்றில் மக்கிய செடிகொடி அதிகம் இருந்தால் அது சுண்ணாம்பின் வேலையைக் கெடுக்கும். மண்ணில் சல்ஃபேட் இருந்தால் சுண்ணாம்பு போட்டபின் மண் ஊதி, போட்ட தரையைத் தூக்கிவிடும். சோதிக்காமல் கொட்டினால் பணமும் போகும், தரையும் போகும்.

அட்டர்பெர்க் சுண்ணாம்பு கலந்த ரோடு போட்டவர் இல்லை. ஆனால் எதைக் கலப்பது என்று கேட்பதற்கு முன்னால், இந்த மண் தண்ணீரோடு எப்படி நடந்துகொள்கிறது என்று கேட்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். படித்து முடித்து சைட்டுக்குப் போகும் நாளில், ஒரு காண்ட்ராக்டர் லாரியில் சுண்ணாம்பு மூட்டையோடு வந்து நின்று 'எத்தனை மூட்டை சார்?' என்று உங்களிடம்தான் கேட்பார். வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லாதீங்க. ஒரு கிலோ மண்ணை எடுத்துக் காயவைத்து, 425 மைக்ரான் சல்லடையில் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, முதலில் விரலால் உருட்டிப் பாருங்க. அதுக்கப்புறம் மூட்டையை எண்ணலாம்.