மல்லாவியில் கேட்ட கேள்வியும் அறிஞர் சித்திலெப்பையும்

நான் இந்தக் கல்லூரியின் பழைய மாணவி. சில ஆண்டுகளுக்கு முன் மல்லாவியில் தமிழ் ஆசிரியையாக நியமனம் கிடைத்தது. மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் துணுக்காய்ப் பக்கம் போகும் பாதையில் அந்த ஊர் இருக்கிறது. வயலும் குளமும் கோயிலும் தேவாலயமும் உள்ள ஊர். என் வகுப்பில் ஒரு முஸ்லிம் பிள்ளையும் இல்லை. பர்தா அணிந்த ரீச்சரை முதலில் தள்ளி நின்று பார்த்த பிள்ளைகள், ஒரு மாதத்துக்குள் ஒட்டிக்கொண்டார்கள்.

ஒருநாள் இடைவேளையில் ஏழாம் தரத்து மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். போரில் தகப்பனை இழந்தவள். அவரைப் படத்தில் மட்டுமே அறிந்தவள். அல்லாஹ் என்பவர் அரபு நாட்டுக் கடவுளா என்று கேட்டாள். மக்காவிலுள்ள கறுப்புக் கட்டடத்தைத்தான் நாங்கள் வணங்குகிறோமா என்றாள். கடவுளை அவர் என்று சொல்லாமல் அவன் என்று சொல்கிறோமே, அது மரியாதைக் குறைவில்லையா என்றும் கேட்டாள். கடைசியாகக் குரலைத் தாழ்த்தி, அந்த அல்லாஹ் எங்களையும் பார்ப்பாரா என்றாள்.

சிறு வயதிலேயே குர்ஆன் ஓதி முடித்தவள் நான். அல்லாஹ்வின் திருநாமங்களை அரபியில் மனனமாகச் சொல்வேன். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அவளுடைய தமிழில், அதுவும் என்னுடைய தமிழில், ஒழுங்காக ஒரு பதில் சொல்ல வரவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அன்றிரவு வெட்கத்தில் தூக்கம் வரவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தவர் அறிஞர் சித்திலெப்பை. இங்கே படிக்கும்போது மீலாத் போட்டியொன்றில் அவருடைய வாழ்க்கை வரலாறு எனக்குப் பரிசாகக் கிடைத்தது. அன்று பரீட்சைக்காக ஆண்டுகளை மட்டும் மனனம் செய்தேன். இம்முறை அந்த மனிதரைத் தேடிப் படித்தேன்.

முகம்மது காசிம் சித்திலெப்பை 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தார். தந்தையார் சட்டத்தரணி. மகனும் அரபு, தமிழ், ஆங்கிலம் கற்று அதே தொழிலுக்கு வந்தார். கண்டி மாநகரசபையிலும் இருந்தார். நல்ல வருமானம், நல்ல மதிப்பு. அப்படியே வாழ்ந்து முடித்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் சமுதாயத்தின் நிலை அவரை இருக்க விடவில்லை.

அக்காலத்தில் ஆங்கிலப் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை மிஷனரிமார் நடத்தினார்கள். அங்கே போனால் ஈமான் போய்விடும் என்று பெற்றோர் அஞ்சினர். அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் நாளடைவில் அது கல்வியையே அஞ்சும் அச்சமாக மாறியது. பெண் பிள்ளைகளுக்கு எழுத்து எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது. மார்க்கத்தின் பெயராலேயே அதைச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தேன். அல்லாஹ்வைப் பற்றிய தவறான எண்ணம் பிற மதத்தவரிடம் மட்டுமா இருக்கிறது? எல்லாம் அறிந்தவன் என்று அவனுக்குப் பெயர் சொல்லிக்கொண்டே, அவனுடைய மார்க்கம் அறிவைக் கண்டு அஞ்சும் என்று நம்பினோமே, அதைவிடப் பெரிய தவறு எது? நபி (ஸல்) அவர்களுக்கு இறங்கிய முதற் சொல்லே ஓதும்படி பணிக்கும் சொல்லல்லவா?

சித்திலெப்பை வாதாடிக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1882இல் முஸ்லிம் நேசன் என்ற பத்திரிகையைத் தொடங்கினார். தமிழில் எழுதி, கல்வியின் தேவையை வாரந்தோறும் வீடுகளுக்குள் கொண்டுபோனார். 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் நட்பு அவருக்குத் துணையாயிற்று. 1884இல் கொழும்பில் ஒரு பாடசாலை திறந்தார். மார்க்கமும் உலகக் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்கவேண்டும் என்பதே அவர் கண்ட வழி. அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய அசன்பேயுடைய சரித்திரம் ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுகிறது.

1891இல் கண்டியில் பெண் பிள்ளைகளுக்கென்று பாடசாலை தொடங்கினார். அதில் அவருக்குத் தோள் கொடுத்தவர் உடன்பிறந்த சகோதரி முத்து நாச்சியா. ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தம் வீட்டுப் பெண்ணையே முன்னே நிறுத்தினார். மறு ஆண்டு, வாப்பிச்சி மரைக்காரோடும் ஒறாபி பாஷாவோடும் சேர்ந்து மருதானையில் அவர் நட்ட கன்றுதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி.

இத்தனை அலைச்சலுக்குப் பிறகு, 1897இல், அஸ்றாறுல் ஆலம் என்ற நூலை வெளியிட்டார். உலகத்தின் இரகசியங்கள் என்பது அப்பெயரின் பொருள். இறைவனையும் படைப்பையும் பற்றிய ஆழ்ந்த விடயங்களை அவர் தமிழில் எழுதினார். அரபி தெரிந்தவர்களுக்கு மட்டும் உரிய பேச்சு என்று அதை ஒதுக்கிவைக்கவில்லை. அடுத்த ஆண்டு, 1898 பெப்ரவரி 5ஆம் திகதி, இறையடி சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 59.

புத்தகத்தை முடித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. எனக்கு மார்க்கம் தெரியாமலில்லை. அதைத் தாய்மொழியில் நினைத்துப் பார்க்கப் பழகவில்லை. சித்திலெப்பை அந்தப் பழக்கத்தைத்தான் நமக்கு விட்டுப்போனார்.

அடுத்த நாள் அந்தப் பிள்ளையை அழைத்தேன். அல்லாஹ் என்ற சொல் முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதல்ல, அரபு பேசும் கிறிஸ்தவர்களும் கடவுளை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்றேன். கஃபாவை நாங்கள் வணங்குவதில்லை. அது தொழுகைக்குத் திசை. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே முகமாய் நிற்பதற்கு ஓர் அடையாளம். நபியவர்கள் மதீனாவுக்கு வந்த பின்னும் பதினாறு, பதினேழு மாதங்கள் ஜெருசலத்தை நோக்கித் தொழுதார்கள். திசை மாறியது, வணங்கப்படுபவன் மாறவில்லை.

அவன் என்று சொல்வது மரியாதைக் குறைவால் அல்ல என்றும் விளக்கினேன். தமிழில் அவர் என்பது பலரையும் குறிக்கும் சொல். ஒருவனே என்ற உறுதிக்காக நாங்கள் ஒருமையில் சொல்கிறோம். அதற்காக அவன் ஆணும் அல்ல, பெண்ணும் அல்ல. அவன் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை. அவனுக்கு நிகராக எதுவுமில்லை. சிவனை அவன் என்று பாடும் தமிழ் அவளுக்கும் பழக்கந்தானே, சட்டென்று புரிந்துகொண்டாள்.

தண்டிப்பதற்கென்றே காத்திருப்பவன் அல்லாஹ் என்றும் சிலர் நினைக்கிறார்கள். குர்ஆனின் 114 அத்தியாயங்களில் 113 அத்தியாயங்கள் அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்ற பொருள்பட அவன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகின்றன. தண்டனையும் உண்டு, நீதியும் உண்டு. ஆனால் வாசலில் நிற்பது அருள்.

அவளுடைய கடைசிக் கேள்விக்கு மட்டும் நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை. நாங்கள் ஒவ்வொரு தொழுகையிலும் ஓதும் முதல் அத்தியாயம் அவனை அகிலங்கள் அனைத்துக்கும் இறைவன் என்றே சொல்கிறது, முஸ்லிம்களின் இறைவன் என்று சொல்லவில்லை என்றேன். மல்லாவியும் அந்த அகிலத்துக்குள்தான் இருக்கிறது, நீயும் இருக்கிறாய் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் மேசையருகிலேயே நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் வேறு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களிடமும் கேள்விகள் இருந்தன.

அன்புத் தங்கைகளே, நாளை நீங்களும் எங்கோ ஓர் ஊரில், எங்கோ ஒரு மேசையருகே இப்படிக் கேட்கப்படுவீர்கள். அப்போது வெட்கப்பட்டு நாளைக்கு என்று சொல்லவேண்டி வராதபடி இப்போதே கற்றுக்கொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளைகள் அல்லாஹ்வைப் பற்றிக் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். கேள்வி கேட்பது ஈமானின் குறைவல்ல. கேட்கவும் கற்கவும் பெண் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்று நூறாண்டுகளுக்கும் முன்பே ஒருவர் தம் சகோதரியின் துணையோடு கதவைத் திறந்துவைத்தார். அந்தக் கதவு வழியாக வந்தவர்கள்தான் நாம் எல்லோரும்.

அல்லாஹ் அன்னாரின் பணிகளை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.