சிறையிலிருந்து வாக்குக் கேட்டவர்

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் ஐந்து முறை நின்று, ஐந்து முறையும் தோற்றவர் யூஜின் டெப்ஸ். ஆயினும் அவரை வென்ற ஐவரைக் காட்டிலும் அவரே என் நெஞ்சில் நிலைத்து நிற்கின்றார்.

1855ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்திலே, அல்சாசிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு அவர் பிறந்தார். பதினான்கு வயதிலே பள்ளியை விடுத்துப் புகையிரதத் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். பின்னர் புகையிரத இயந்திரத்துக்கு நெருப்பூட்டும் தொழிலாளியானார். 1893இல் புகையிரதத் தொழிலாளர் அனைவரையும் ஒன்றுதிரட்ட ஒரு சங்கங் கண்டார். கறுப்பின மக்களையும் அதிற் சேர்க்க வேண்டுமென வாதாடினார். பேராளருட் பெரும்பாலோர் இணங்கவில்லை. இனபேதம் தொழிலாளர் பலத்தை அரிக்குமென்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1894இல், சிக்காகோவை அடுத்த புல்மன் நகரிலே கம்பனி கூலியைக் குறைத்தது. தொழிலாளர் குடியிருந்த தன் வீடுகளின் வாடகையையோ குறைக்கவில்லை. புல்மன் பெட்டிகள் பூட்டிய வண்டிகளைச் செலுத்தச் சங்கத்தினர் மறுத்தனர். ஜனாதிபதி கிளீவ்லண்ட் படையை ஏவினார். நீதிமன்றத் தடையை மீறியமைக்காக டெப்ஸ் ஆறு மாதம் சிறையிருந்தார். அரசு எவர் பக்கம் நிற்கின்றதென்பதை நேரிற் கண்ட அவரை, சிறையிற் கற்ற நூல்கள் சமதர்ம நெறிக்கு ஈர்த்தன.

1901இல் தோன்றிய சோஷலிஸ்டுக் கட்சியின் முதன்மைத் தலைவராகி, 1912இல் ஏறக்குறைய 9 இலட்சம் வாக்குகள் பெற்றார். 1918இல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 1920இல் அத்லாந்தாச் சிறையிலிருந்தவாறே போட்டியிட்டார். அப்பொழுதும் 9 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவருக்கே வாக்களித்தனர். 1921 நத்தார் தினத்தன்று விடுதலையாகி வெளியேறியபொழுது, உள்ளிருந்த கைதிகள் ஆரவாரித்து வழியனுப்பினர். 1926இல் அவர் மறைந்தார்.

அவர் கட்சி 1912இல் கேட்டவை யாவை? பெண்களுக்கு வாக்குரிமை, முதியோருக்கு ஓய்வூதியம், வேலையற்றோருக்குக் காப்புறுதி, சிறுவர் உழைப்புக்குத் தடை. முதலாவது 1920இல் நாடெங்கும் சட்டமாயிற்று; அடுத்த இரண்டும் 1935இல் உருப்பெற்றன; சிறுவர் உழைப்புக்கு 1938இல் கடிவாளமிடப்பட்டது. இவை அவர் ஒருவரால் விளைந்தவை என்று நான் சொல்லேன், பலர் பாடுபட்டனர். சட்டமாக்கிய புகழும் பிற கட்சியினரையே சேர்ந்தது. தொழிற்சாலைகள் மக்களுடைமையாதல் வேண்டுமென்ற அவர் பெருங்கனவோ கைகூடவில்லை.

எனினும், ஒரு தலைமுறை நகைத்து ஒதுக்கிய கோரிக்கைகளை அடுத்த தலைமுறை தன் உரிமையென அனுபவித்தது. வாக்குப் பெட்டி அன்றைய மனத்தை மட்டுமே அளக்கும். சமுதாய மாற்றத்துக்கு உழைப்போர் தம் வாழ்நாளுக்குள்ளேயே அறுவடையை எதிர்பார்த்தல் ஆகாதென்பதே டெப்ஸின் வாழ்விலிருந்து நான் கற்ற பாடம்.